கிருமிக் கணக்கை மூடி வைக்காதீர்கள்

மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளே,

நான் பல ஆண்டுகள் ஆய்வக நுட்புநராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற தனியார் மருத்துவமனையில் அண்மையில் ஒரு சுற்றறிக்கை விடப்பட்டிருக்கிறது. நுண்ணுயிரியல் பிரிவு ஆண்டுதோறும் தயாரிக்கும் ஆன்டிபயோகிராமை, அதாவது எந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று காட்டும் அட்டவணையை, இனி வார்டுகளுக்கு அனுப்ப வேண்டியதில்லை, நிர்வாக அலுவலகக் கோப்பில் ஒரு படி இருந்தால் போதும் என்கிறது அது. நோயாளிகளின் மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துச் சோதித்த முடிவுகள் அடங்கிய பழைய கல்ச்சர் பதிவேடுகளைக் கழித்துவிடவும் அதிலேயே உத்தரவு. யாரோ அந்த அட்டவணையைக் கைபேசியில் படம் பிடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள், மருத்துவமனையின் பெயர் கெடுகிறது என்பதுதான் வாய்வழியாகச் சொல்லப்பட்ட காரணம்.

அந்த மருத்துவமனையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வேறு ஊர்களில் ஆய்வகங்களில் வேலை செய்யும் தோழிகளிடம் பேசியபோது, இதே போன்ற முடிவுகள் மற்ற இடங்களிலும் சத்தமில்லாமல் எடுக்கப்படுவது தெரிந்தது. சில இடங்களில் அட்டவணை போடுவதே நின்றுவிட்டது. இன்னும் சில இடங்களில் அங்கீகார ஆய்வுக்கு ஆட்கள் வரும் வாரத்தில் மட்டும் அது அவசர அவசரமாகத் தயாராகிறது. ஆகவே ஒருவருக்கு எழுத வேண்டியதை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

உங்களில் மருத்துவப் பின்னணி இல்லாதவர்களுக்காக, அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இடப்பக்கம் கிருமிகளின் பெயர்கள்: ஈ. கோலை, கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ். மேல் வரிசையில் மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விழுக்காடு. கடந்த ஓராண்டில் நம் நோயாளிகளிடம் கிடைத்த இந்தக் கிருமிகளில் நூற்றுக்கு எத்தனை இந்த மருந்துக்குக் கட்டுப்பட்டன என்பதே அந்த எண். அதில் எந்த நோயாளியின் பெயரும் இல்லை, எந்த மருத்துவரின் பெயரும் இல்லை.

அந்தத் தாள் யாருக்குத் தேவைப்படுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவு தாண்டி, ரத்தத்தில் தொற்று ஏறிய ஒருவரை ஐ.சி.யு.வில் சேர்க்கிறார்கள். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ரத்தம் எடுத்துக் கல்ச்சர் பாட்டிலில் விட்டு ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பாட்டிலில் கிருமி வளர்ந்திருப்பதாகக் கருவி ஒலி எழுப்பப் பெரும்பாலும் மறுநாள் ஆகும். அதைத் தட்டில் இட்டு, இன்ன கிருமி என்று அறிய இன்னொரு நாள். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்ல மேலும் ஒரு நாள். அதுவரை காத்திருந்தால் நோயாளி பிழைக்க மாட்டார். இரவுப் பணியில் இருக்கும் அந்த இளம் மருத்துவர் அடுத்த சில நிமிடங்களில் ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அவர் கையில் இருக்கக்கூடிய ஒரே உள்ளூர்ச் சான்று, இந்த ஐ.சி.யு.வின் கிருமிகள் சென்ற ஆண்டு எந்த மருந்துக்குப் பணிந்தன என்ற கணக்கு மட்டுமே. அதைத்தான் நீங்கள் கோப்பில் பூட்டச் சொல்கிறீர்கள்.

அந்தக் கணக்கு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் மெரோபெனம் என்ற வலிமையான ஆன்டிபயாடிக் எழுதப்படும். அது பலிக்காவிட்டால் கோலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் மருத்துவ உலகம் ஒரு காலத்தில் பெரும்பாலும் ஒதுக்கி வைத்த பழைய மருந்து அது. வேறு வழியில்லாமல் திரும்பக் கொண்டுவரப்பட்டது. இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக் கொடுக்க, மிஞ்சியிருக்கும் கிருமிகள் அவற்றுக்கும் அடங்காதவையாக மாறுகின்றன. அடுத்த ஆண்டு அட்டவணை இன்னும் மோசமாக வருகிறது. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் அட்டவணையின் மீது கோபப்படுகிறீர்கள்.

பதிவேடுகளைக் கழிப்பது இதைவிடப் பெரிய இழப்பு. எல்லாம் கணினியில் ஏறிவிட்டது, பழைய நோட்டுகள் எதற்கு என்று உங்கள் அலுவலர்கள் கேட்கக்கூடும். எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வி எழாது.

கண்ணாடி போன்ற வெளிர் மஞ்சள் ஊட்டக் கூழ் நிரப்பிய தட்டில் நோயாளியின் கிருமியைப் பரப்பி, அதன் மேல் மருந்து தோய்த்த சிறு காகித டிஸ்குகளை வைப்போம். மறுநாள் காலையில் தட்டு முழுவதும் கிருமி வெண்படலமாகப் படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த இடத்தில் மட்டும் டிஸ்கைச் சுற்றித் தெளிந்த வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுவோம். மருந்து துளியும் பலிக்கவில்லை என்றால் வட்டமே இருக்காது. டிஸ்கின் விளிம்பு வரை வந்து முட்டிக்கொண்டு நிற்கும் கிருமி. மெரோபெனம் டிஸ்கின் விளிம்பில் அப்படி நிற்பதைப் பார்க்கும் காலையில் ஆய்வகத்தில் யாரும் பேசிக்கொள்ள மாட்டோம். அந்தத் தட்டுக்கு உரியவர் மாடியில் எந்தப் படுக்கையில் இருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும்.

எவ்வளவு மில்லிமீட்டர் இருந்தால் மருந்து பலிக்கும் என்பது சர்வதேச விதிப்படி முடிவாகிறது. அந்த விதி மாறும். மெரோபெனத்துக்குக் கிளெப்சியெல்லா, ஈ. கோலை வகைக் கிருமிகளில் 16 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்றிருந்ததை, 2010-இல் அமெரிக்காவின் ஆய்வகத் தர நிர்ணய நிறுவனமான சி.எல்.எஸ்.ஐ. 23 என்று உயர்த்தியது. 19-உம் அதற்குக் குறைவானதும் எதிர்ப்புத்திறன் கொண்டவை என்றானது. அதாவது 17 மில்லிமீட்டர் வட்டம் காட்டிய ஒரு கிருமி, பழைய விதியில் மருந்துக்கு அடங்கியது, புதிய விதியில் அடங்காதது. கிருமி அதேதான். அளவை எழுதி வைத்த நோட்டு இருந்தால், பழைய ஆண்டுகளையும் புதிய விதிப்படி மறுபடி கணக்கிட்டு, உண்மையில் எதிர்ப்பு ஏறியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம். 'அடங்கும்', 'அடங்காது' என்ற எழுத்தை மட்டும் சேமித்த கணினியை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதற்கான அடிப்படையே அந்த மில்லிமீட்டர் எண்கள்தாம். அவற்றை எடைக்குப் போடச் சொல்லியிருக்கிறது உங்கள் சுற்றறிக்கை.

ஒரு பதிவேட்டின் பழைய பக்கங்களால் என்ன பயன் என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருமுறை பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து சில நாட்கள் இடைவெளியில் மூன்று ரத்தக் கல்ச்சர்கள் வந்தன. மூன்றிலும் கிளெப்சியெல்லா. தட்டில் இளஞ்சிவப்பாக, தொட்டால் கம்பி இழுக்கும் சளி போன்ற திரள்கள். மூன்று குழந்தைகள், மூன்று அறிக்கைகள், வெவ்வேறு முறைப் பணியில் இருந்த வெவ்வேறு மருத்துவர்கள் அவற்றை வாங்கிப் பார்த்தார்கள். தனித்தனியாக ஒவ்வோர் அறிக்கையும் சரி. மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் இடம் பதிவேடு ஒன்றுதான். எதிரெதிர்ப் பக்கங்களில், எந்த மருந்து பலித்தது எந்த மருந்து பலிக்கவில்லை என்ற வரிசை மூன்றுக்கும் அச்சு மாறாமல் ஒன்றாக இருந்தது. பின்னால் புரட்டினால், இரண்டு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில் அதே பிரிவின் இன்னொரு குழந்தையிடம் அதே வரிசை.

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரிடம் நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினோம். அவர் அந்தப் பிரிவில் ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்தார். ஊசி மருந்து கலக்க ஒரே சலைன் பாட்டிலைத் திறந்து வைத்து, மூடியில் ஊசியைக் குத்தியபடியே விட்டு, பல குழந்தைகளுக்கும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டிலிலும் அதே கிருமி வளர்ந்தது. பாட்டில் போனது, குழந்தைக்கு ஒன்று எனச் சிறிய ஆம்பூல்கள் வந்தன, தொற்றும் நின்றது. ஆனால் அதற்குள் ஒரு குழந்தையை இழந்திருந்தோம். இரண்டு மாதத்துக்கு முன்பே மாதம் ஒருமுறை பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதற்கென்று ஒருவருக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருந்தால் அந்தப் பாட்டில் அப்போதே சிக்கியிருக்கும் என்று நான் நம்புகிறேன். அந்தத் தாயின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. அவருக்கு இந்த விவரம் எதுவும் சொல்லப்படவில்லை.

பெயர் கெடும் என்ற அச்சம் புதிதல்ல. 2010 ஆகஸ்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஒரு கட்டுரை லான்செட் தொற்றுநோய் இதழில் வந்தது. மெரோபெனம், இமிபெனம் போன்ற கார்பபெனம் வகை மருந்துகளைச் செயலற்றதாக்கும் என்.டி.எம்.-1 (என்.டி. என்பது நியூ டெல்லி) மரபணுவைச் சுமந்த கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிடைத்திருந்ததை அது சொன்னது. ஒரு கிருமியிலிருந்து வேறு இனக் கிருமிக்குத் தாவக்கூடிய மரபணு அது. நாடே கொதித்தது. ஆனால் மரபணுவுக்கு டெல்லியின் பெயரை வைத்தது பற்றியும், வெளிநாட்டு நோயாளிகளின் வருகை குறைந்துவிடுமே என்பது பற்றியும்தான் கூச்சல். கிருமி பற்றிய பேச்சு பின்னுக்குப் போனது. 2012-இல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் பலவும் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டபோதுதான், நடைமுறைக்கு ஒத்துவரும் வழி என்ன என்ற உருப்படியான பேச்சு தொடங்கியது. இந்த ஊரிலிருந்துதான் அது தொடங்கியது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதே ஊரின் மாநிலத்தில் 2010-இன் பழைய அச்சத்துக்கே நீங்கள் திரும்புவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் எதிர்ப்புத்திறன் கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கித் தொடர்ந்து ஆண்டறிக்கை வெளியிட்டு வருகிறது. அதன்படி, இமிபெனத்துக்குக் கட்டுப்படும் கிளெப்சியெல்லா நிமோனியா 2016-இல் 65 விழுக்காடாக இருந்தது, 2021-இல் 43 விழுக்காடாகச் சரிந்தது. ஐந்தே ஆண்டுகள். ஒரே ஆண்டின் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் 43 என்பது வெறும் 43. தொடர்ந்து எழுதி வந்ததால்தான் சரிவின் வேகம் தெரிகிறது.

தேசிய அறிக்கை இருக்கும்போது எங்கள் அட்டவணை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அந்த வலையமைப்பில் இருப்பவை பெரும்பாலும் பெரிய மருத்துவக் கல்லூரிகளும் உயர் சிகிச்சை மையங்களும். எல்லா இடத்திலும் மருந்து தின்று, எதற்கும் சரிவராமல் கடைசியாக வந்து சேரும் நோயாளிகள் அங்கே அதிகம். மாவட்டத் தலைநகரில் இருக்கும் உங்கள் மருத்துவமனையில் சிறுநீர்த் தொற்றோடு வரும் ஒரு பெண்ணின் கிருமி அப்படி இருக்க வேண்டியதில்லை. அதன் குணம் உங்கள் பதிவேட்டில்தான் இருக்கிறது. ஒரே மருத்துவமனையிலேயே ஐ.சி.யு.வின் எண்ணும் பிரசவ வார்டின் எண்ணும் வேறு வேறு. இரண்டையும் கலந்து சராசரி போட்டால் இரண்டு இடத்து மருத்துவருக்கும் அது தவறான வழியையே காட்டும்.

வெளியே சொன்னால் குறையும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் வகை அங்கே மருத்துவமனைகளை ஆட்டிப் படைத்தது. 2001-இல் அரசு மருத்துவமனைகள் எம்.ஆர்.எஸ்.ஏ. ரத்தத் தொற்றுக் கணக்கைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். எண்கள் மருத்துவமனையின் பெயரோடு வெளிவந்தன. முதலில் அவமானமாகத்தான் இருந்திருக்கும். 2004-இல், 2008-க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். குறைத்தும் காட்டினார்கள். கை கழுவுதலும் ரத்தக்குழாய்க் குழல்களைப் பராமரிப்பதும் எல்லோருக்கும் முன்பே தெரிந்த வேலைகள்தாம். எண் எல்லோர் கண்ணிலும் பட்ட பிறகுதான் அவற்றுக்கு ஆளும் பணமும் கிடைத்தன.

எவ்வளவு வசதி இருந்தாலும் இது வந்தே தீரும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க அரசின் தேசிய நல நிறுவன மருத்துவமனையில் 2011-இல் கார்பபெனத்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா புகுந்தது. முதல் நோயாளி குணமாகி வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்து இரண்டாவது ஆளிடம் தென்பட்டது. மொத்தம் 18 பேருக்குப் பரவி, அவர்களில் 11 பேர் இறந்தார்கள். 6 மரணங்களுக்கு அந்தத் தொற்றே காரணம் என்று கணித்தார்கள். சேமித்து வைத்திருந்த கிருமிகளின் மரபணுத் தொடரை முழுமையாகப் படித்துத்தான், எல்லாம் முதல் நோயாளியிடமிருந்து வந்தவை, நோய்க்குறி இல்லாமலே கிருமியைச் சுமந்தவர்கள் இடையில் இருந்தார்கள் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு அதை அவர்களே ஆய்வுக் கட்டுரையாக உலகுக்கு வெளியிட்டார்கள். அந்த மருத்துவமனையை இன்று யாரும் கேவலமாகப் பேசுவதில்லை. நாங்கள் எல்லோரும் அதிலிருந்து கற்றுக்கொண்டோம்.

பக்கத்து மாநிலமான கேரளம், 2018-இல் நாட்டிலேயே முதலாவதாக மருந்து எதிர்ப்பைக் கட்டுப்படுத்துவதற்கென மாநிலச் செயல்திட்டம் கொண்டுவந்தது. மாநில அளவிலான ஆன்டிபயோகிராமையும் வெளியிட்டது. அதனால் அங்கே யாரும் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிடவில்லை.

உங்கள் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. சிக்கலான நோயாளிகளை ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனையின் எண், சளி காய்ச்சல் பார்க்கும் மருத்துவமனையின் எண்ணைவிட மோசமாகத்தான் தெரியும். விவரம் புரியாமல் ஒப்பிடுபவர்கள் இருப்பார்கள். அதற்குப் பரிகாரம் எண்ணோடு சேர்த்து விளக்கத்தையும் வெளியிடுவது. எந்த வகை நோயாளிகள், எந்த வார்டு, எத்தனை மாதிரிகள் என்று எழுதிவிட்டால் நேர்மையான வாசகருக்குப் புரியும்.

என் வேண்டுகோள்களுக்கு வருகிறேன்.

இத்தகைய சுற்றறிக்கை எங்கே போடப்பட்டிருந்தாலும் அதை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். சென்ற ஆண்டின் ஆன்டிபயோகிராம் இந்த ஆண்டு மார்ச் முடிவதற்குள் ஒவ்வொரு வார்டின் பணி மருத்துவர் அறைக்கும் போய்ச் சேர வேண்டும். ஐ.சி.யு., பச்சிளங்குழந்தைப் பிரிவு, மற்ற வார்டுகள், வெளிநோயாளிகள் என்று தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். கூடவே முந்தைய ஐந்து ஆண்டு எண்களையும் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். ஒரு நோயாளியிடம் திரும்பத் திரும்பக் கிடைத்த அதே கிருமியை ஒருமுறை மட்டும் எண்ண வேண்டும். ஓர் இனத்தில் 30 மாதிரிகளுக்குக் குறைவாக இருந்தால் விழுக்காடு போடுவதைத் தவிர்க்க வேண்டும். இவை எங்கள் துறையின் விதிகள். அவற்றைப் பின்பற்ற ஆய்வகத்துக்கு நேரம் கொடுங்கள்.

அந்த நேரத்துக்கு ஓர் ஆள் வேண்டும். தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரை, ஆள் குறைகிற வார்டுக்கெல்லாம் இழுத்து விடாதீர்கள். ஒரே வார்டில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு பேரிடம் ஒரே எதிர்ப்பு வரிசை கொண்ட கிருமி கிடைத்தால், ஆய்வகம் அன்றே அவரை அழைக்கவும், அவர் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் அந்த வார்டைச் சோதிக்கவும் அதிகாரம் கொடுங்கள்.

கணினி மென்பொருள் மாற்றும்போது பழைய தரவையும் மில்லிமீட்டர் அளவோடு புதியதில் ஏற்றித் தருவதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இதற்காகவே உருவான ஹூநெட் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, பணம் இல்லை என்ற காரணம் செல்லாது. ரத்தத்தில் கிடைக்கும் கார்பபெனத்துக்கு அடங்காத கிருமிகளை உறைகுளிர்ப் பெட்டியில் சேமித்து வையுங்கள். நாளை மரபணு ஆய்வு தேவைப்பட்டால் நோட்டு மட்டும் போதாது.

நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது எழுதும் பரிந்துரைக் கடிதத்தில், அவரிடம் எந்த எதிர்ப்புக் கிருமி கிடைத்தது என்பதை ஒரு வரியாவது எழுதுங்கள். கொடுத்த மருந்துகளையெல்லாம் பட்டியலிட்ட கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிருமியின் பெயர் இருந்தது மிகவும் அரிது. அந்த ஒரு வரி இல்லாததால், பெறுகிற மருத்துவமனை அவரைப் பொது வார்டில் படுக்க வைத்துவிடுகிறது.

உங்கள் ஆண்டு எண்களை மாநிலச் சுகாதாரத் துறைக்கு நீங்களாகவே அனுப்புங்கள். மருத்துவமனை இணையதளத்திலும் வரவேற்புக் கூடத்து அறிவிப்புப் பலகையிலும் விளக்கத்தோடு வெளியிடுங்கள். பணம் கட்டிப் படுக்கும் நோயாளிக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது.

இவற்றில் சிலவற்றுக்குக் குழு கூட வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், காலம் ஆகும், அது எனக்குத் தெரியும். ஆனால் பதிவேடுகளைக் கழிக்கும் உத்தரவை இந்த வாரமே நிறுத்திவையுங்கள். அறையில் இடமில்லை என்றால், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறைக்கு எழுதி, பாதுகாத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். நோயாளிகளின் பெயரை மறைத்து ஸ்கேன் எடுக்கும் வேலைக்கு ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன், ஊதியம் வேண்டாம். என்னைப்போல் ஓய்வுபெற்ற இன்னும் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்
நுண்ணுயிரியல் பிரிவு